நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இறந்தவன்

அந்தப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் செத்துப்போயிருந்தேன். எழுதியவரே வீடு தேடி வந்து காட்டினார்.

மேலகரத்தில் அன்று காலையிலிருந்து சாரல். ஐந்தருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். என் குட்டியானை வண்டிக்கு லோடு இல்லை. வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து கிழிந்த தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். குடையும் துணிப்பையுமாக ஒருவர் வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். பேண்டைக் கெண்டைக்காலுக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார்.

“சுடலையாண்டி வீடு இதானா?”

“ஆமா.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்? அண்ணனா, தம்பியா?”

“நாந்தான் சார் சுடலையாண்டி.”

அவர் குடையை மடக்காமலே நின்றார். “இல்ல, நான் தேடுதது கட்டடம் இடிக்கப் போவாரே, அந்தச் சுடலையாண்டி. முத்தன்துறையில வேலைக்குப் போயிருந்தவரு.”

“நாந்தான் போயிருந்தேன்.”

“அங்க இறந்துபோன சுடலையாண்டி.”

“அப்படி ஒருத்தன் இந்தத் தெருவுல இல்ல சார். இருந்தா நானே மாலை வாங்கிப் போட்டிருப்பேன்லா.”

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். பெயர் ஜெகதீஸ்வரன் என்றார். தென்காசிக்காரர். பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து, முப்பது வருடம் கடற்கரை ஊர்களிலேயே மாற்றி மாற்றி இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊர்களைப் பற்றி ஊருக்கு ஒரு புத்தகம் என்று எழுதுகிறார். முன்னால் என்னென்ன இருந்தது, இப்போது எது இல்லை என்பதுதான் விஷயம். கைக்காசு போட்டு அச்சடிக்கிறார். முத்தன்துறை நாலாவது புத்தகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தென்காசி நூலகத்தில் வெளியீடு. அங்கே இறந்துபோன தொழிலாளி சுடலையாண்டியின் குடும்பத்துக்குச் சால்வை போடுவதாக அழைப்பிதழிலேயே அடித்துவிட்டார்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். படங்கள் நிறைய. பழைய உப்பு ஆபீஸ். அதை இடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. கடலைப் பார்த்த ஒரு பங்களா. அது மூன்று நாள். மேல்மாடியில் தேனீக் கூடு இருந்து மூன்று பேருக்கு முகம் வீங்கிப்போனது. ஒரு சினிமாக் கொட்டகை, துறைமுக அதிகாரி விடுதி, மணிக்கூண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘இன்று இல்லை’ என்று போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடித்ததெல்லாம் வரிசையாக இருந்தது, அவ்வளவுதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சுங்கக் கிட்டங்கி, சரக்கு வைக்கிற பழைய கிடங்கு. நூற்றைம்பது அடி நீளம், ஒன்பது தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரைச் சுவர் என்று கணக்காக எழுதியிருந்தார். கடைசி வரி: ‘2013 ஜூலையில் இதை இடித்தபோது தென்காசியைச் சேர்ந்த சுடலையாண்டி என்ற கூலியாள் சுவர் விழுந்து இறந்தார்.’

“இதை எங்கேருந்து எடுத்தீங்க?”

“அன்னைக்கு வந்த பேப்பர்ல நாலு வரி இருந்துச்சு. வேற எங்கயும் ஒண்ணும் இல்ல.”

“செத்தது காமராஜ். என் பேர்ல போயிருந்தான்.”

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன்.

எங்கள் மேஸ்திரி தில்லைநாயகத்திடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் பதினெட்டுப் பேர். திங்கள்கிழமை விடிவதற்குள் வேன் வந்து நிற்கும். நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். ஒரு வாரம் பதில் வராவிட்டாலும் பேரை அடித்துவிடுவார், அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் வர முடியாதவன் வேறு ஒருவனை அனுப்புவான். மாத்தாள் என்று சொல்வோம். மாத்தாள் நோட்டிலுள்ள பேருக்குத்தான் குரல் கொடுக்க வேண்டும். வேனில் ஏறினால் வாரம் முழுக்க அவனுக்கு அதுதான் பேர். மேஸ்திரி அதைத்தான் கூப்பிடுவார், பார்த்துப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். அந்த வாரம் காமராஜ் சுடலையாண்டியாக இருந்தான். சுவர் சரிந்தபோது கீழே நின்றவர்கள், “ஏலே சுடல, குதில” என்று கத்தியிருக்கிறார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். திரும்பிப் பார்த்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது என்றும் சொன்னார்கள்.

“அப்ப போலீஸ், கேஸ்?”

“ஒண்ணும் கிடையாது. அன்னைக்கே வேன்ல போட்டு இங்கன கொண்டாந்துட்டாங்க. நெஞ்சுவலியில வீட்டுல செத்தான்னு எழுதி வாங்கி, எரிச்சாச்சு. பேப்பர்க்காரன் நோட்டப் பாத்திருப்பான்.”

ஜெகதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐந்நூறு பிரதி அடிச்சாச்சே” என்றார். பிறகு அவரே, “ஒட்டுத்தாள் போட்டிரலாம்” என்றார். அச்சான வரிக்கு மேல் சின்னத் தாளில் சரியான வரியை அடித்து ஒட்டுவதாம். “காமராஜுக்கு யாரு இருக்கா?”

“சம்சாரம் இருக்கா. முத்துச்செல்வி. எனக்குச் சித்தப்பா மகதான். ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு.”

முத்துச்செல்வி அடுத்த தெரு. ஐந்தருவி வாசலில் மிளகாய் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறாள். அருவிக்குத் தடை போட்டால் அவளுக்கும் கடை கிடையாது. போனில் கூப்பிட்டேன். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னண்ணே, யாரு?” என்றாள். புத்தகத்தைக் கொடுத்து அந்த வரியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ செத்துட்டியாம்லா.”

“ஆமாட்டி.”

“கருமாதிக்குக்கூட கூப்பிடல பாரு” என்றாள். அதற்கு அவளே சிரிக்கவில்லை. ஜெகதீஸ்வரனிடம் திரும்பினாள். “சார், இத மாத்த முடியுமா?”

“அதுக்குத்தாம்மா கூப்பிட்டது.”

அவள் கீழே உட்கார்ந்தாள். “எங்க வீட்டுல அவருக்கு நெஞ்சுவலின்னுதான் சர்டிபிகேட் பேப்பர் இருக்கு சார். பக்கத்துல கேட்டா குடிச்சுச் செத்தான்னுதான் சொல்லுவா. அவரு சீசனுக்கு ஒரு நா குடிப்பாரு, அவ்வளவுதான். எம்மக ஸ்வாதிக்கு இப்ப பதிமூணு வயசு. நான் வேலையில செத்தாருன்னு சொல்லுதேன். அவ பேப்பரக் காட்டி, அம்மா நீ ஏன் பொய் சொல்லுதன்னு கேக்கா. எங்கிட்ட காட்டதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எழுதிட்டா இருக்கும்லா?”

“இருக்கும். நூலகத்துல வச்சிருப்பாங்க. யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம்.”

“அப்ப எழுதுங்க சார்.”

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். எனக்குச் சாரலில் தார்ப்பாய் நனைவது தெரிந்தது. எழுந்து போய் எடுத்து உள்ளே போட்டேன். திரும்பி வந்தபோது முத்துச்செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அண்ணனுக்கு அன்னைக்குச் சரியான காச்சல் சார். எந்திரிக்கவே முடியல. எங்க வீட்டுக்காரரு கிணறு வெட்டுத ஆளு, இடிப்பு வேலைக்குப் போனதே கிடையாது. மச்சான் பேரு நோட்டுல போயிரக் கூடாதுன்னுதான் போனாரு.”

ஜெகதீஸ்வரன் எழுதி முடித்து வாசித்தார். “கடும் காய்ச்சலில் படுத்திருந்த தன் மைத்துனர் சுடலையாண்டிக்குப் பதிலாக வேலைக்குச் சென்ற தென்காசியைச் சேர்ந்த காமராஜ், சுவர் விழுந்து இறந்தார்.” என் பக்கம் பார்த்தார். “சரிதானா?”

அவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். அவள் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்வதற்காக இருக்கும்.

“நல்லாருக்கு சார்” என்றாள்.

பதினொரு வருடம் அந்தக் காய்ச்சலை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் அது அச்சில் வரப்போகிறது. என் பேருக்கு மேல் ஒட்டுவார்கள். ஐந்நூறு தாள்.

“காச்சல் இல்ல” என்றேன்.

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“என்னண்ணே?”

“எனக்கு அன்னைக்குக் காச்சல் இல்லட்டி.”

இடிக்கிறதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஓடு, சட்டம். அப்புறம் சுவரை மேலிருந்து வரி வரியாக இறக்க வேண்டும். சுவர் இறங்க இறங்கத்தான் உத்தரத்தை உருவ வேண்டும். இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டு நிற்பது உத்தரம்தான். முத்தன்துறையில் தேக்கை வாங்கியவனுடைய லாரி மலைக்கு அந்தப் பக்கமிருந்து புளியறை தாண்டி வந்து சனிக்கிழமையே நின்றுவிட்டது. மேஸ்திரி உத்தரத்தை முதலில் உருவச் சொன்னார். ஒன்பதையும் உருவினோம். நானும் ஒரு முனையில் நின்றேன். சாயங்காலம் கைகால் கழுவப் போகும்போது அந்தச் சுவரில் கை வைத்தேன். இருபதடி உயரம், ஒரு பிடிமானம் இல்லை. காரை மாவாக உதிர்ந்தது. ரோட்டில் ஒரு லாரி போனது. சுவர் என் கையில் அசைந்தது.

இதை அவளிடம் இந்த அளவுக்குச் சொல்லவில்லை. “சனிக்கிழமையே சுவரு ஆடுனதப் பாத்தேன். ஏற பயமா இருந்துச்சு. அதான் காச்சல்னு சொன்னேன்” என்று மட்டும் சொன்னேன்.

முத்துச்செல்வி அசையவில்லை. “மேஸ்திரிட்ட சொன்னியா?”

“சொன்னேன். இஷ்டம் இல்லன்னா பேர அடிச்சிருதேன்னாரு.”

“இவர்ட்ட?”

“சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா போயிருக்க மாட்டான்.”

சாரல் விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தாலும் சரி என்று இருந்தது. அவள் தரையில் கிடந்த நூல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

“இதயும் எழுதுங்க சார்” என்றாள்.

ஜெகதீஸ்வரன் பேனாவை மூடி வைத்திருந்தார். “இது வேற விஷயம்மா. மேஸ்திரி பேரு வரும், வழக்கு வரும். இவருக்கும் நல்லது இல்ல. ஒட்டுத்தாள் ரெண்டு வரிதான் பிடிக்கும். இது ஒரு ஊரோட கட்டடங்களைப் பத்தின புத்தகம்.”

“கட்டடத்த யாரு எப்படி இடிச்சான்னு வராதா?”

“வரலாம். அடுத்த பதிப்புல பாக்கலாம்.”

அடுத்த பதிப்பு வராது என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் புத்தகத்தில் இருந்த கிட்டங்கிப் படத்தைப் பார்த்தாள். இடிப்பதற்கு முன்னால் எடுத்தது. சுவர் ஓரமாக ஒரு ஆடு நிற்கும் படம்.

“எதுல நின்னாரு?” என்று கேட்டாள்.

கடல் பக்கத்துச் சுவரில் கிழக்கு முனையைக் காட்டினேன். அவள் அந்த இடத்தில் விரலை வைக்கவில்லை. பார்த்தாள், புத்தகத்தை மூடினாள்.

“சார், அப்ப காச்சல எடுத்திருங்க.”

“என்னம்மா?”

“கடும் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்கல்லா. அது வேண்டாம். மத்தது இருக்கட்டும்.”

அவர் நோட்டைத் திறந்து அடித்தார். மறுபடி வாசித்தார். “தன் மைத்துனர் சுடலையாண்டிக்குப் பதிலாக வேலைக்குச் சென்ற, தென்காசியைச் சேர்ந்த காமராஜ், சுவர் விழுந்து இறந்தார்.”

“மைத்துனரும் வேண்டாம்” என்றாள்.

அதையும் அடித்தார்.

முத்துச்செல்வி எழுந்து சாக்கை உதறினாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக வர வேண்டும், மகளையும் கூட்டி வரலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள். பத்து மணி, தாராளமாகக் கூட்டி வரலாம் என்றார். ஒட்டுத்தாள் ஒட்டிய பிரதி ஒன்று தனக்குக் கையில் வேண்டும் என்றாள். தருகிறேன் என்றார்.

பிறகு என்னிடம் சொன்னாள். சத்தம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

“நீ அங்க வராத.”

அண்ணே என்பது இல்லை.

“சரி” என்றேன்.

அவள் போன பிறகும் ஜெகதீஸ்வரன் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற மாதிரி எழுந்தவர், நின்று, அந்த உப்பு ஆபீஸுக்குக் கீழே நிலவறை இருந்ததா என்று கேட்டார். ஊரில் சிலர் இருந்தது என்கிறார்களாம், சிலர் இல்லை என்கிறார்களாம். இருந்தது என்றேன். எத்தனை படி என்று கேட்டார். பதினொன்று என்றேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை புளியறைக்கு ஒரு லோடு வந்தது. போனேன்.