முன்னுக்கு இழுத்த சீற்

செத்துப்போன மனைவி பத்மாவதியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நாளை கீரிமலை போகவேண்டும். முப்பது நாளாக அசையாமல் நின்ற பிக்கப்பின் கீழே படுத்து, தவராசா கியர் எண்ணெயை வடித்தார். கறுத்த எண்ணெய் முழங்கை வரை வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பில்ரரை மாற்றி, வடிந்த அளவுக்கே புது எண்ணெய் ஊற்றினார். வெளியே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். ஓட்டோமற்றிக் கியர் என்றால், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு கியராகப் போட்டெடுத்த பிறகுதான் எண்ணெய் மட்டம் பார்க்கவேண்டும்.

பொனற்றுக்குள் குனிந்துகொண்டே, மனைவியைக் கூப்பிடும் பழக்கத்தில், “இஞ்சேரப்பா, ஏறியிருந்து பிரேக்கை மிதிச்சுக்கொண்டு கியரைப் போடு” என்றார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காத்து நின்றார்.

பிறகு தானே போய் ஏறினார். கட்டையான பத்மாவதி கால் எட்டுவதற்காக முன்னுக்கு இழுத்துவிட்ட இடத்திலேயே சீற் கிடந்தது. அவர் அதைத் தள்ளவில்லை. முழங்கால் ஸ்ரியரிங்கில் இடிக்க இடிக்க, ஒவ்வொரு கியராகப் போட்டார்.