பதினான்கு படகுகள்

ஹில்க்காவிடம் யார் போய்க் கேட்பது என்று பேச்சு வந்ததும் கரையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுக்கோடைத் திருநாளன்று கொளுத்துவதற்காக ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு மேல் விறகு அடுக்கியிருந்தோம். உச்சியில் ஒரு ஓட்டைப் படகையும் கவிழ்த்து வைத்தாயிற்று. ஆனால் அவள் புருஷன் தவ்னோ அந்த ஏரிக்குள்தான் கிடந்தான், பதினோரு நாளாக. வலை எடுக்கப் போனவன். படகு மட்டும் எதிர்க்கரையில் ஒதுங்கியது. போலீஸ் அனுப்பிய முக்குளிப்பவர்கள் நான்கு நாள் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போதுதான் பனி உருகிய தண்ணீர், உடலை மேலே விடாது என்றார்கள்.

"நீதான்டா அவன் கூட்டாளி, நீயே போ," என்றார் விழாவை நடத்தும் கலெர்வோ. "வேணாம்னு சொன்னா விட்டுருவோம். கேக்காம மட்டும் கொளுத்தக் கூடாது."

திருநாள் வழக்கப்படி ஊரில் எல்லா வாசலிலும் இரண்டு பக்கமும் பிர்ச் மரக் கன்றுகளை வெட்டி நட்டிருந்தார்கள். அவள் வாசல் வெறுமையாக இருந்தது. அவள் படகுத்துறையில் குந்தி, படகுக்குள் தேங்கிய தண்ணீரைக் காப்பிக் குவளையால் இறைத்துக்கொண்டிருந்தாள். துடுப்பு வலித்துப் புண்ணான உள்ளங்கைகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. இங்கே வடகோடியில் இந்த மாதத்தில் ராத்திரியிலும் சூரியன் மறையாது, இருட்டே கிடையாது. இருட்டினால் தேடுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்ற சாக்கும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. தூங்கி எத்தனை நாளோ.

நான் தடுமாறித் தடுமாறிக் கேட்டு முடித்தேன்.

"கொளுத்துங்க. நான் யாரு வேணாம்னு சொல்ல?" என்றாள். குவளை நிற்கவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற அத்தனை படகும் எனக்கு வேணும். ஒரே ஒரு சாயங்காலம்."

பதினான்கு படகுகள் வந்தன. விழாவுக்கு உடுத்திய சட்டையோடேயே வந்தார்கள். கலெர்வோவின் மனைவி பூப்போட்ட பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு துடுப்புப் போட்டாள். வரிசை பிடித்து, கயிற்றில் கட்டிய பாதாளக்கரண்டிக் கொக்கிகளை அடியில் இழுத்தபடி ஏரியைக் குறுக்கே அளந்தோம். ஹில்க்கா என் படகில் ஏறினாள். நான் வலித்தேன், கயிறு அவள் கையில். இரண்டு சுற்று முடிந்தது.

"அன்னைக்கு நீயும் போயிருக்கணுமே, எர்க்கி," என்றாள் திடீரென்று. "வயித்துவலின்னு அவர் சொன்னாரு."

மற்றவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அவள் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"வயித்துவலி இல்ல. முந்தின நாள் குடிச்சது தெளியல. கதவத் தட்டினான். உள்ள படுத்துக்கிட்டே பொய் சொன்னேன்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "நேரா வலி. கோணலாப் போகுது," என்றாள்.

ஐந்து மணி நேரத்தில் ஒரு பழைய வலையும் துருப்பிடித்த வாளியும் கிடைத்தன. குளிரில் விரல்கள் விறைத்துப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியாகத் திரும்பிய கலெர்வோ எங்கள் பக்கமாக வந்து, "போதும்மா, வந்து ஏதாவது சாப்பிடு," என்றார்.

"நீங்க போய்க் கொளுத்துங்க. குழந்தைங்க காத்திருக்கும்."

தீ எழுந்தது. அந்த வெயிலில் சுவாலையே தெரியவில்லை. புகையும், அதன் பின்னால் நெளிகிற மனிதர்களும்தான் தெரிந்தார்கள். யாரோ அக்கார்டியனை இரண்டு கட்டை அழுத்திவிட்டு நிறுத்தினார்கள்.

அப்போது கயிறு இறுகியது.

நான் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். கனம் அசைந்தது, வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய, இருவரும் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தோம். கறுப்பாக, நீளமாக ஏதோ மேலே வந்தது. பாசி படிந்த அடிமரம்.

நான் கொக்கியைக் கழற்றப் போனேன். "விடாத," என்றாள். படகு விளிம்பில் நெஞ்சைச் சாய்த்து, கட்டுத்துணி நனைய, அந்த மரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கரையில் எல்லோரும் தண்ணீர் ஓரத்துக்கு வந்து, தீக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்றார்கள். தண்ணீர் அவள் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.