வாயில் நுரையோடு வந்தவர்

பல்செட் கட்டித் தரும் பல்செட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. பல் போனவர்களுக்குப் பெரும்பாலும் காதும் பாதி போயிருக்கும். அவர்களிடம் பேசிப் பேசியே அவர் குரல் அப்படி ஆகிவிட்டது. அதனால் ஓட்டல் வரவேற்பு மேசை முன்னால் நின்று அவர் சாதாரணமாகக் கேட்டது, எதிர்ச்சாரியில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

"எந்த ரூமு? இருநூத்தி ஏழா? ரெண்டாவது மாடியா? மூலையிலயா?"

மேசைக்குப் பின்னால் டை கட்டி நின்றவர் பாதிக் குரலில் சொன்னார். "ஆமா சார். நகை, கிகை ஏதாவது இருந்தா இங்க லாக்கர் இருக்கு. காசு கிடையாது. ரசீது கொடுத்துடுவோம்."

"நகையா! நாங்களா!" என்று சிரித்தார் பல்செட்டுக்காரர்.

அவர் வீட்டம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கைப்பையில் நான்கு வளையல்கள் இருந்தன. அவள் அம்மாவுடையவை. தேய்ந்து தேய்ந்து நூலாகிப் போனவை. ஆனாலும் அவை உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டால், அம்மா அடுத்த அறையில் பாத்திரம் எடுத்து வைப்பது போலிருக்கும் என்பாள். மறுநாள் தங்கச்சி மகள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ளக் கொண்டுவந்திருந்தாள்.

"ஏங்க, கொடுத்துடலாங்க."

"சும்மா இரு. வளையலுக்கு இவன் காவல். இவனுக்கு யாரு காவல்?"

இதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். டை கட்டியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்கூடத்து சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தைத் திருப்பினார்.

அறைக்குப் போனதும் பல்செட்டுக்காரர் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து, தலையணை உறைக்குள் ஆழமாகச் செருகி, இரண்டு தட்டுத் தட்டினார். உலகத்தில் வேறு யாருக்குமே தோன்றாத இடம் என்பது அவர் எண்ணம். அந்த ஓட்டலில் அன்று தங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் இதே எண்ணத்தோடு இதே தட்டுத் தட்டியிருந்தார்கள்.

காலையில் இருவரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர் ஏறி வந்தார். பனியன், தோளில் ஈரத்துண்டு, வாய் நிறையப் பற்பசை நுரை, நுரைக்குள் பிரஷ். பல்செட்டுக்காரர் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். வந்தவர் நுரையோடு பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டுப் போனார்.

முகத்தைப் பார்ப்பதற்குள் பல்லைப் பார்த்துவிடுவது தொழில் வழக்கம். அவர் பார்த்துவிட்டார். கட்டின பல். மேல்செட்டில் முன்பல் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. நடுவே மயிரிழை விரிசல் வேறு.

"எந்தப் புண்ணியவான் கட்டினானோ! செருப்பை மாத்திப் போட்ட மாதிரி வெச்சிருக்கான்" என்று டீக்கடை வரைக்கும் பொருமிக்கொண்டே போனார்.

திரும்பி வந்தபோது தலையணை தட்டையாக இருந்தது.

ஐம்பது வயதானாலும் ஓட்டலில் ரூம்பாய் என்றுதான் பெயர். அந்த ரூம்பாய் கையைப் பிசைந்தார். "உங்க அண்ணன்னு நெனச்சேங்க. வாய் பூரா நுரை. சாவி உள்ள மாட்டிக்கிச்சுன்னு ஜாடை காட்டினாரு. நான்தான் திறந்து விட்டேன்."

"பேரு கேக்கலியாய்யா?"

"வாய் நிறைய நுரையோட நிக்கிற மனுசன்கிட்ட எப்படிங்க பேரு கேக்கறது?"

நிர்வாகி வந்து சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். விருந்தினர் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. காவல் நிலையத்தில் திருடனின் அடையாளம் கேட்டார்கள். பல்செட்டுக்காரர் முன்பல் இரண்டையும் படம் வரைந்தே காட்டினார். "முகம் சொல்லுய்யா" என்றார்கள். முகம் நினைவில் இல்லை.

கட்டிலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. செட் மாட்டியிருப்பவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துத் தேய்ப்பான். வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நுரை கக்கிக்கொண்டு நடக்கமாட்டான். ஊரில் அத்தனை பேருக்கும் பல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர், திருடனுக்குச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்.

வீட்டம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. வெறுங்கையோடு கல்யாணத்துக்குப் போய் வெறுங்கையோடு வந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் வேலையை ஆரம்பித்தாள்.

"என் கண்ணாடி எங்க?"

"தலகாணி உறைல இருக்குங்க."

"அங்க எதுக்கு?"

"பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

அடுத்து கடைச் சாவி போயிற்று. பிறகு சர்க்கரை டப்பா, நகவெட்டி, அவருடைய உள்பனியன்கள் எல்லாம். ஒருநாள் கடையில் ஒரு பெரியவர் பொக்கைவாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, அவருக்கு மாட்டவேண்டிய கீழ்த்தாடை தலையணை உறையிலிருந்து வந்தது. இரவில் படுத்தால் பிடரியில் ஸ்குரூடிரைவர் குத்தும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வழியில்லை. அவள் பழி தீர்க்கிறாள் என்று தெரிந்தது. பதிலுக்கு அவளோடு சண்டை போட முடியாது. ஆகவே தன் பங்குப் பழியை அவர் திருடன் பெயரில் சேர்த்துவைத்தார். இரவெல்லாம் பல்லைக் கடித்தார். சொந்தப் பல்தான், இரண்டு தேய்ந்தே போயிற்று.

ஒரு விஷயம் அவருக்கு உறுதியாகத் தெரியும். அந்த விரிசல் விழுந்த செட் ரொம்ப நாள் தாங்காது. கெட்டியாக எதையாவது கடித்த அன்று இரண்டாகும். தெரிந்த பல்செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டார்.

"முன்பல் ரெண்டும் இடம் மாறின மேல்செட் ஒண்ணு ஒடஞ்சு வரும். வந்தா என்கிட்ட அனுப்பி வையி. ஓசியில புதுசு கட்டித் தரேன்னு சொல்லு."

"ஓசியிலயா? ஏண்ணே, உடம்புக்கு ஏதாவது முடியலியா?" என்று எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள்.

ஓசி என்றால் திருடனும் வெயிலில் வரிசையில் நிற்பான். மாங்காய்ப் பருவம் முடிவதற்குள் அவன் கடை வாசலில் நின்றான். கன்னம் ஒட்டிய சாதுவான முகம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அப்படி ஒரு முகம். கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த செட்டை மேசையில் வைத்தான். முன்பல் இரண்டும் செருப்பை மாற்றிப் போட்டதுபோல இளித்தன. வாயில் ஒரு பல் கிடையாது. ஆனால் சட்டைப்பையில், பேனா குத்துகிற இடத்தில், ஒரு பிரஷ் குத்தியிருந்தது.

அவன் பல்செட்டுக்காரரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவன் அறைகளை நினைவில் வைத்துக்கொள்கிறவன், ஆட்களை அல்ல.

"உக்காருங்க தம்பி. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஊர் ஊரா போற வேலைண்ணே."

"வாயத் திறங்க."

அச்சு எடுக்கும் மாவைப் பல்செட்டுக்காரர் குழைத்தார். இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து அப்பினால் போதும், நாக்கோடு இறுகிப்போகும். மிளகாய்த்தூள் கலக்கலாமா என்றும் நினைத்தார். பிறகு தன்னைத்தானே அடக்கிக்கொண்டார். ஊமைத் திருடனால் ஊருக்கு என்ன லாபம்? இவன் சத்தம் போடவேண்டும்.

மாவு நிரம்பிய கிண்ணியை அவன் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் அசையமுடியாத நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தானும் வீட்டம்மாவும் வெளியூர் போகப்போவதாகச் சொன்னார். ஓட்டல் பெயரைச் சொன்னார், அதே ஓட்டல்தான். "மூலை ரூமுதான் எப்பவும். நகை மொத்தமும் எடுத்துட்டுப் போறோம். தலகாணி உறைக்குள்ள வெச்சுட்டா எவனுக்குத் தெரியப்போகுது, சொல்லுங்க?"

அவன் சொல்லவில்லை. வாய் நிறைய மாவு. கண்கள் மட்டும் பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்தன.

உள்வாசலில் டீயோடு நின்ற வீட்டம்மா அத்தனையையும் கேட்டாள். டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மட்டும் வீட்டில் எதுவும் தலையணை உறைக்குள் போகவில்லை.

புது செட் அவர் கட்டியதிலேயே அழகானது. முன்பல் இரண்டுக்கும் பின்னால் நூலளவு ஒரு சந்து விட்டார். இழைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி இழைத்தார். கடைசியில் ரயில் கார்டு விசில் மாதிரி அது கூவிற்று. தெருமுனை ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு யார் கூப்பிட்டது என்று பார்த்தார். பிறகு அந்தச் சந்தைப் பல்நிற மெழுகால் அடைத்தார். பேசினால் போகாது, தின்றால் போகாது. வாயில் வைத்தபடி பிரஷ் போட்டுப் பரபரவென்று தேய்த்தால்தான் போகும். செட் மாட்டின யோக்கியன் எவனும் அப்படித் தேய்க்கமாட்டான்.

கூடவே ஒரு டப்பா பசையும் கொடுத்தார். "காலைல தடவி மாட்டினா ராத்திரி வரைக்கும் கழலாது தம்பி."

"நல்லா இருப்பீங்கண்ணே" என்று அவன் கும்பிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பல்செட்டுக்காரர் வரவேற்பு மேசையில் நின்று, "இருநூத்தி ஏழுதானே?" என்று முழங்கினார். டை கட்டியவர் லாக்கர் என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் எதுக்கு" என்று அதையும் முழங்கினார். நிர்வாகியிடமோ காவலரிடமோ ஒன்றும் சொல்லவில்லை. பழியைப் பங்கு போட அவருக்கு மனமில்லை.

மறுநாள் காலை இருவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். படி வரைக்கும் வந்த வீட்டம்மா, "கண்ணாடியை விட்டுட்டேங்க" என்று திரும்பிப் போனாள். அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை. அவர் இருந்த வேகத்தில் அது தோன்றவில்லை. முன்வாசல் வழியாக எல்லோரும் பார்க்க வெளியே போய், பின்வாசல் வழியாக நுழைந்து, மாடிப்படித் திருப்பத்தில் பதுங்கினார்கள்.

தோளில் ஈரத்துண்டும் வாயில் நுரையுமாக அவன் வந்தான். அதே ரூம்பாய், அதே ஜாடை, அதே சாவி. கதவு திறந்து கொடுக்கப்பட்டது. முன்பு நடந்ததை மறந்தே போயிருந்த ரூம்பாய் ஒரு கும்பிடும் போட்டார்.

பல்செட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமே இல்லை. வாயை மூடிக்கொண்டே வேலையை முடித்துவிட்டால்? இதை அவர் யோசிக்கவேயில்லை.

அப்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

அது என்னவென்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியும். வீட்டு எலிப்பொறியை ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து, தலையணை உறைக்குள் வைத்தவள் அவள்தான்.

எலிப்பொறியில் விரல் மாட்டினால் மனிதன் முதலில் என்ன செய்வான்? "ஸ்ஸ்ஸ்..." என்று காற்றை இழுப்பான். அவனும் இழுத்தான்.

அந்த விசிலைப் பற்றி அந்தத் தெருவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. கீழே காவலாளி முதலாளி கூப்பிடுகிறார் என்று படியேறி ஓடிவந்தார். நாற்சந்தியில் போக்குவரத்து நின்றது. அங்கிருந்த காவலர், தன் விசில் தன்னிடமே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குள் நுழைந்தார்.

கையில் தலையணை தொங்க, அவன் அறை நடுவே நின்றான்.

"சா—உய்ய்ய்—ர்! நான் ஒண்ணும் செ—உய்ய்ய்—ய்யல!"

"விசிலடிக்காம பேசுடா!"

"செ—உய்ய்ய்—ட்டு கழல மாட்டேங்குது சா—உய்ய்ய்—ர்!"

பல்செட்டுக்காரர் வாசலில் நின்று அந்தச் சங்கீதத்தை ரசித்தார். இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த பழி, வட்டியோடு காதில் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவன் முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மா வளையல் எங்க?"

அவன் தலையைக் குனிந்தான். "உருக்கிட்டாங்கக்கா. அன்னிக்கே."

சிரிப்பு நின்றது. உருக்கிய பொன்னில் அம்மா சத்தம் இருக்காது.

காவலர் இழுத்தபோது அவன் திரும்பினான். "நான் ஒரு நாளும் பூட்டை உடைச்—உய்ய்ய்—சதே இல்லக்கா. ரூம் நம்பரை நீங்கதான் கத்திச் சொ—உய்ய்ய்—ன்னீங்க. நகையை எங்க வெக்கிறதுன்னும் நீங்களே சொன்னீங்க. கதவை ஓட்டல்காரன் திறந்து விட்டான். நான் சும்மா பல்லு தேச்—உய்ய்ய்—சேன்."

அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். விசில் படியிறங்கித் தெருக்கோடியில் மறைந்தது. ரூம்பாய் சாவிக்கொத்தைச் சுடுகிற பொருள்போலக் கைமாற்றிக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, எப்படி மாட்ட வெச்சேன்" என்றார் பல்செட்டுக்காரர், சுருதி குறைந்து.

"பாத்தேன். உங்க பழிக்கு விசில் வந்துச்சு. என் வளையல் வரலியே" என்றாள் அவள். "அன்னிக்கு அந்த மனுசர் லாக்கர்ல வெக்கட்டுமான்னு கேட்டப்ப வாய மூடிட்டு ஒரு ரசீது வாங்கியிருந்தா, இத்தனை பல்லுக்கும் பொறிக்கும் வேலையே இல்லீங்க. திருடனைப் பிடிக்கிறதுக்கு ஆயிரம் வித்தை வேணும். பொருளைக் காப்பாத்த கொஞ்சம் அடக்கம் போதும்."

அவர் பதில் சொல்லவில்லை. அவர் சொன்ன பதில்களிலேயே அதுதான் சரியானது. திருடன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி தன் மேல் வரவேண்டியது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெளியூரில் அறை எண்ணை உரக்கச் சொல்கிறவனும், பெட்டகம் இருக்கையில் தலையணையை நம்புகிறவனும், ஆள் யாரென்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறவனும் திருடனுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு நான்கு வளையல் செலவாயிற்று.

கீழே இறங்கினார்கள். பலகை இருந்த இடத்தில் நிர்வாகி இன்னொரு பலகை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்: பெயர் கேட்காமல் யாருக்கும் கதவு திறக்கக்கூடாது, வாயில் என்ன இருந்தாலும் சரி.

இன்னும் ஓர் இரவு தங்கவேண்டியிருந்தது. பல்செட்டுக்காரர் மேசைமேல் குனிந்து, டை கட்டியவரின் காதருகே வாயைக் கொண்டுபோய், பிறந்ததிலிருந்து வராத ஒரு கிசுகிசுப்பில், "இருநூத்தி ஏழு சாவிங்க" என்றார்.

"என்ன சார்? கேக்கல" என்றார் அவர். பிறகு வீட்டம்மாவைப் பார்த்து, "லாக்கர்ல வெக்க ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

அவள் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமாக மடித்தாள்.

"வேற ஏதாவது?"

"இவரு வாய் ஒண்ணு இருக்கு" என்றாள். "அதையும் உள்ள வெச்சுப் பூட்டிக்கிறீங்களா? ஊருக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்."