பதினெட்டுக் காலிக் கட்டங்கள்

ஆண்கள் வார்டில் நாற்பத்தொரு கட்டில். பகல் முறைக்கு ஒரே நர்ஸ். சுவரில் தொங்கும் பணிப் பட்டியலில் மட்டும் மூன்று பேர். ஒருத்தி ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது; இன்னொருத்தி மாற்றலாகிப் போய்விட்டாள். மிச்சமிருப்பவள் இவள், ஒப்பந்த நர்ஸ்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துக் கட்டில் அட்டையின் கட்டத்தில் எழுதவேண்டும். ஒருத்தியால் அது ஆகிற காரியமில்லை. அதனால் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. தெம்பாகத் தெரிகிறவர்களுக்கு முந்தைய எண்ணையே கொஞ்சம் முன்பின்னாக எழுதிவிடுவது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

முந்தாநாள் பதினேழாம் கட்டில்காரருக்கு அவளும் அப்படித்தான் எழுதினாள். அவர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துக் கழிப்பறை வாசலில் சுருண்டு விழுந்தார். வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தார். அவருடைய மனைவி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா" என்றாள்.

அந்தச் சொல்லோடு அவள் இரண்டு நாள் இருந்தாள். வீட்டில் கணவன் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டான்.

இன்று பத்து மணிச் சுற்றில் இருபத்திமூன்று பேரைப் பார்ப்பதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. மீதிப் பதினெட்டுக் கட்டங்களையும் காலியாக விட்டாள்.

"என்ன சிஸ்டர், பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?" என்றாள் ஆயா, அட்டைகளைப் பார்த்து. "பன்னெண்டு மணிக்கு ஆய்வுக்கு வர்றாங்க. பெரிய சிஸ்டர் உங்களை உரிச்சுத் தொங்கவிடப் போறாங்க."

"தொங்கவிடட்டும்க்கா. சுவத்துல ஏற்கெனவே ரெண்டு பேர் தொங்குறாங்க. துணைக்கு ஆச்சு."

தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் வந்து அட்டைகளைப் புரட்டினார்.

"என்ன இது?"

"பாக்கலை மேடம். அதான் எழுதலை."

"அஞ்சு நிமிஷ வேலை. எழுதிடு. நானும் எழுதினவதான்."

"பதினேழாம் கட்டில்ல நான் எழுதினது பொய் மேடம். ஒரு உயிர் போயிருக்கும். நாம இப்படி நிரப்பி நிரப்பி அனுப்பறோம். இங்க ஆள் போதும்னு மேல இருக்கறவங்களும் நினைச்சுக்கறாங்க."

பெரிய சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

"உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது," என்றார் கடைசியில். "நான் எழுதிக் கொடுத்தாத்தான் நீட்டிப்பாங்க."

"தெரியும் மேடம்."

சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் காலிக் கட்டத்தில், 'பார்க்கவில்லை. பணியில் ஒரே நர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பதினெட்டு அட்டையிலும் அதையே எழுதினாள். பெரிய சிஸ்டர் தடுக்கவில்லை, போகவும் இல்லை.

எழுதி முடித்ததும் இரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு இருபத்திநாலாம் கட்டிலுக்குப் போனாள். கிழவரின் கையில் பட்டையைச் சுற்றும்போது ஆய்வுக் குழு உள்ளே வந்தது. முன்னால் வந்த அதிகாரி ஓர் அட்டையை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"சிவப்புல எழுதினது யாரு?"

பெரிய சிஸ்டர் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்.

"நான்தான். இருங்க சார், இவருக்குப் பாத்துட்டு வந்து பேசறேன்."

குழாயைக் காதில் மாட்டிக்கொண்டாள்.