பந்தை நிறுத்துகிறவள்

நாளை ஜெயித்தால் அரையிறுதி. டிரா ஆனால்கூட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மெஹ்னாஸ் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. அந்த இடம் ஆன்சி.

திருவொற்றியூர் மைதானத்தில் ஹாக்கிப் பயிற்சி முடிந்து பெண்கள் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். மெஹ்னாஸ் கோச்சான பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சேர்த்தவர்கள். பழையவர்களில் மிச்சம் ஆன்சி மட்டும். அந்த நாளில் பெனால்டி கார்னர் என்றால், கோல் கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை ஆன்சி நிறுத்துவாள், மெஹ்னாஸ் கோலுக்கு அடிப்பாள். முழங்கால் போய் மெஹ்னாஸ் வெளியே வந்துவிட்டாள். ஆன்சி இன்னும் நிறுத்திக்கொண்டிருக்கிறாள், வேறு யாரோ அடிக்க.

சிக்கல் அதில்தான். இந்த மைதானம் சரளை. வேகமாக வரும் பந்து கல்லில் பட்டு எகிறும். அதனால் இங்கே ஆடிப் பழகியவர்கள் ஸ்டிக்கைத் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கியே பிடிப்பார்கள். நாளை ஆட்டம் நடக்கும் எழும்பூரில் டர்ஃப், செயற்கைப் புல்; அதில் பந்து எகிறாது, வழுக்கிக்கொண்டு வரும். போன ஆட்டத்தில் ஆன்சியின் ஸ்டிக்குக்கு அடியிலேயே போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் எழில்மொழிக்கு அந்தப் பயம் இன்னும் கையில் இறங்கவில்லை. ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைக்கிறாள். இங்கே அதற்காகக் கணுக்காலில் அடி வாங்குகிறாள். அங்கே பந்து நிற்கும்.

ஆன்சி இரண்டு டீயோடு வந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? நாளைக்கு சான்ஸ் கீதா, இல்லியா?"

"கீது. பாதிக்குப் பாதி."

"பாதி போதும். மீதிய நான் பாத்துக்கிறேன்."

நாளை உனக்குப் பதிலாக எழில்மொழி என்று சொல்வதற்கு அதுதான் நேரம். மெஹ்னாஸ் வாயைத் திறந்தாள். "சக்கரை கம்மியா கீது" என்றுதான் வந்தது.

அத்தா காலமான பிறகு ராயபுரம் வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. போன் அடித்தால் அது ஆன்சிதான். சொன்னால் அந்த முகம் மாறும். மாறிய முகத்தை நினைத்துக்கொண்டு ஓர் இரவைக் கழிக்க அவளுக்குத் தெம்பில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் வேனில் ஆன்சி வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் ஸ்டிக் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். "வா, குந்து" என்று பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். எழும்பூர் வரை ஆன்சி பேசிக்கொண்டே வந்தாள். மெஹ்னாஸ் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

ஆட்டத்தில் முதல் பெனால்டி கார்னர், பந்து ஆன்சியின் ஸ்டிக்குக்கு அடியில் போனது. இரண்டாவதும் போனது. கோல் யாருக்கும் இல்லை, ஆட்டம் முடியப்போகிறது. மெஹ்னாஸ் எழில்மொழியின் தோளைத் தட்டினாள்.

கோட்டருகே நின்று அந்தப் பெண் கூப்பிட்டாள். "ஆன்சிக்கா... நீ வெளிய வருவியாம்."

ஆன்சி அவளைப் பார்க்கவில்லை. மெஹ்னாஸைப் பார்த்தாள். ஓடி வெளியே வந்தாள்.

அடுத்த கார்னரில் எழில்மொழி பந்தை அசையாமல் நிறுத்தினாள். கார்குழலி அடித்தாள். கோல் பலகையில் டங்கென்று கேட்டது. பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து கத்தியது ஆன்சி: "அப்டித்தான்டி குட்டி!"

விசில் ஊதிய பிறகு அவள் ஷூ கயிற்றை அவிழ்த்தபடி கேட்டாள்.

"நேத்தே முடிவு பண்ட்ட, இல்ல?"

"ஆமா."

"நேத்து டீ குடிக்கசொல்லவே எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே வெளிய குந்திகினு அவளுக்குக் கையப் புடிச்சி காட்டியிருப்பேன். பச்சப்புள்ளைய வுட்டு என்னைக் கூப்புட வச்சியே மெஹ்னா."

குரலில் கோபம் இல்லை. ஆன்சி ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும்போது வேனில் பை பக்கத்து சீட்டில்தான் இருந்தது. ஆன்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹ்னாஸ் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை யாரும் எடுக்கவில்லை. டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ராயபுரம் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து எழில்மொழி கத்தினாள். "கோச்சக்கா, செமிஃபைனல்ல நமக்கு சான்ஸ் கீதா?"

"கீது" என்றாள் மெஹ்னாஸ். "பாதிக்குப் பாதி."

சொல்லிவிட்டுக் காதைப் பின்னால் வைத்துக் காத்திருந்தாள். பெண்கள் சிரித்தார்கள், யாரோ சீட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். மீதியைப் பார்த்துக்கொள்வதாக யாரும் சொல்லவில்லை.