ஒன்பதாவது குழி

குருவிளா சார் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். யாக்கோபு ஆறரை மணியிலிருந்தே மூன்று தடவை சாலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கொச்சியிலிருந்து கார் மலையேறி வர எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய, கால் நிற்க வேண்டுமே!

"இப்படிப் போயிட்டும் வந்துட்டும் இருந்தா கார் வெரசா வந்துருமாக்கும்?" என்றாள் கத்தரீனாள். கொழுந்து கிள்ளப் போகக் கூடையை மாட்டியபடி நின்றாள். உள்ளே கம்பளிக்குள் அவர்களுடைய ஒன்பது வயது மகள் அன்னாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் இழுப்பு வந்துவிடும். பனிக்காலம் பிறந்தால் அந்த லயத்து வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார், இந்தக் குளிரைவிட்டுப் பிள்ளையை இறக்குங்கள், கடலோரம் போனால் பிழைத்துக்கொள்வாள் என்று. சொல்வது அவருக்குச் சுலபம். தேயிலையை விட்டால் வேறு தொழில் தெரியாத குடும்பம் கடலோரம் போய் எதைத் தின்னும்?

அதற்கு வழி குருவிளா சார் வடிவில் வந்தது. கொச்சிக்குத் தெற்கே கடற்கரையில் புதிதாக எழும்பும் ஹோட்டலுக்கு அவர்தான் மானேஜர். விடுமுறைக்கு வருகிறவர்கள் காலையில் கடலில் குளிப்பார்கள், சாயங்காலம் விளையாட கோல்ஃப் மைதானம் கேட்பார்கள் என்று பக்கத்திலேயே தென்னந்தோப்பை வெட்டிப் புல் போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் மேட்டுப்பாறை எஸ்டேட் மைதானத்தில் ஆட வந்தவர், யாக்கோபு தன் மட்டைப் பையைத் தூக்கி வழிகாட்டிய அழகைப் பார்த்து மயங்கிப்போனார்.

"நீ அங்கே வா. பத்துப் பைக்காரருக்கு நீதான் மேஸ்திரி. வீடும் தருவோம்" என்றார். அடுத்த தடவை வரும்போது முடிவு சொல்வதாகப் பேச்சு. அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு.

மேட்டுப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து விருந்தாளி வந்தால் இருக்கிறதிலேயே நல்ல பைக்காரனை அவருக்குக் கொடுத்துவிட்டு, பெரிய துரை இரண்டாவது ஆளை வைத்துக்கொள்வார். பை தோளில் ஏறிய நேரத்திலிருந்து ஒன்பதாவது குழி முடியும்வரை அந்தப் பைக்குச் சொந்தக்காரர்தான் முதலாளி. சம்பளம் தருகிற துரையே எதிரில் நின்றாலும் அவர் தோற்க வேண்டும் என்றுதான் நினைக்க வேண்டும். அன்றைக்கும் குருவிளா சார் வந்ததும் அவர் பை யாக்கோபு தோளில் ஏறிற்று. துரையின் பையைத் தூக்கிய சூசையப்பன், யாக்கோபுக்கு மைத்துனன். ஆட்டம் முடிகிறவரை இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயில் சத்தியம் மாதிரி இதைக் காத்துவந்தார்கள் அந்தப் பைக்காரர்கள். விருந்தாளிகளில் ஒருவருக்காவது இது தெரியுமா என்றால், தெரியாது. யாரும் கேட்டதில்லை, இவர்களும் சொன்னதில்லை.

ஆட்டம் நன்றாகவே போயிற்று. மலை மைதானத்தில் கண் பொய் சொல்லும். ஏற்றமாகத் தெரிவது இறக்கமாக இருக்கும். பந்து எப்போதும் பாறை உச்சியைவிட்டு விலகி ஓடைப் பக்கமாகத்தான் சாயும். யாக்கோபு விரலை நீட்டிய இடத்துக்குக் குருவிளா சார் அடித்தார், அடித்ததெல்லாம் விழுந்தது. நடுநடுவே கடலைப் பற்றி வேறு சொன்னார். அங்கே பனியே கிடையாதாம், டிசம்பரில்கூட வெறும் சட்டையோடு திரியலாமாம். யாக்கோபுக்கு நெஞ்சு பறந்தது. எட்டுக் குழி முடிந்தபோது ஆளுக்கு நாலு குழி ஜெயித்திருந்தார்கள். ஒன்பதில் வென்றவருக்கு ஆட்டம்.

ஒன்பதாவது குழி கிளப் வராந்தாவுக்கு நேர் எதிரே. துரை தன் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். குருவிளா சாருக்குப் பத்தடி தூரம் பாக்கி. இதையும் போட்டால் ஆட்டம் சமம், மறுபடி ஒரு குழி ஆடலாம்.

"எந்தப் பக்கம்?"

"குழிக்கு இடதால ரெண்டு சாண் தள்ளி விடுங்க சார். மெல்லத் தொட்டாப் போதும். மத்ததைச் சரிவு பாத்துக்கிடும்."

இடது பக்கம் சரியாகத்தான் அடித்தார். மெல்ல என்பதை மட்டும் காது வாங்கவில்லை. வேகமாகப் போன பந்து, சாய நேரமில்லாமல் நேரே ஓடிக் குழியைத் தாண்டி இடது பக்கமே நின்றது. துரை தொப்பியைத் தூக்கிச் சிரித்தார்.

"நீ பறஞ்ச இடத்துக்குத்தானே அடிச்சேன்!" குருவிளா சாரின் முகம் சிவந்துவிட்டது. "உன் துரையை ஜெயிக்க வச்சுட்டே, இல்லே? இப்படி ஆளு எனக்கு வேண்டாம்."

மட்டையை வீசிவிட்டு வராந்தாவில் ஏறிவிட்டார்.

யாக்கோபு மட்டையைப் பொறுக்கித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். இருபது வருஷத்தில் அவனை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. அந்த வலி ஒரு பக்கம், வீட்டில் உட்கார்ந்தபடி தூங்கும் பிள்ளை ஒரு பக்கம். காரில் பையை ஏற்றப் போனவன் பாதியில் திரும்பினான். மறுபடி காருக்குப் போனான், மறுபடி திரும்பினான்.

"வேண்டாம் மச்சான், விட்டுரு" என்றான் சூசையப்பன்.

விடவில்லை. பைக்காரன் யாரும் ஏறாத வராந்தாப் படியில் ஒரு காலை வைத்து, "சார், ஒரு நிமிசம் வரணும். நான் சொன்ன வழி பொய்யில்லைன்னு காட்டிருதேன்" என்றான்.

துரைக்கு வேடிக்கையாக இருந்தது. சரியென்று தலையை ஆட்டினார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தார்கள். யாக்கோபு அதே இடத்தில் பந்தை வைத்தான். குழிக்கு இடப்பக்கம் இரண்டு சாண் தள்ளிப் பார்த்து, மெல்லத் தொட்டான். பந்து போகலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஊர்ந்து, பாதியில் வலப்பக்கம் சாய்ந்து, குழிக்குள் டொக்கென்று விழுந்தது.

கைதட்டல் கிளம்பிற்று. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குருவிளா, பை தூக்க வேண்டியது நீங்கதான் போலிருக்கே!" என்று அவர் சொன்னதற்கு மற்றவர்களும் சிரித்தார்கள். குருவிளா சாரும் சிரித்தார், வாயால் மட்டும். "கொள்ளாம்", நன்றாகத்தான் இருக்கிறது, என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். யாக்கோபு பின்னாலேயே ஓடி ஜன்னலோரம் நின்றான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் வளைவு திரும்புகிறவரை அவன் அங்கேயே நின்றான்.

சாயங்காலம் கத்தரீனாள் வந்தபோது அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"பந்து உள்ள விழுந்துச்சுல்லா? நீங்க சொன்னது சரின்னு ஆச்சுல்லா? பொறவு என்னவாம் அவருக்கு?"

உள்ளே அன்னாள் இருமத் தொடங்கினாள். கத்தரீனாள் வெந்நீர் வைக்க எழுந்தவள், ஏதோ தோன்றி நின்றாள்.

"விழாம இருந்திருந்தா?"

"விழாம இருந்திருந்தா மன்னிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாருட்டி" என்றான்.