வெள்ளிக்கிழமை அவித்த முட்டை

முத்தையன்கட்டுக் கிராமத்தில் சின்னராசா மாமாவின் கணுக்காலில் மண்வெட்டி பட்ட காயம் நாலு மாதமாகியும் ஆறவில்லை. அதற்குப் பத்மாசனி மாமியைக் குறை சொல்ல முடியாது. முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் என்று ஒன்றையும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட விடவில்லை. கோழிகள் இட்டதை அவர்கள் வீட்டில் தங்கிப் படித்த நான்தான் தின்றேன். எனக்குப் புண் இல்லை, உயர்தரச் சோதனை மட்டும்தான்.

"அடுத்த கிளினிக்குக்குள்ள புதுச் சதை வராட்டி காலை எடுக்கவேணும்," என்றுவிட்டார் டொக்டர். அன்றோடு மாமா தேவைக்கு மேல் கதைப்பதை நிறுத்திவிட்டார். ஒற்றைக் காலோடு எந்த வயல் வரம்பில் நடப்பது?

மருந்து கட்ட வந்த தாதி ஜெயரூபியிடம் மாமி கேட்டா: "புதுச் சதை எதால பிள்ளை செய்யிறது?"

"புரதத்தாலயம்மா. வெட்டினவுடனே ஒரு புரதம் வலை பின்னி இரத்தத்தை மறிக்கும். பிறகு வேற புரதங்கள் வந்து பழுதான சதையை அரிச்சுத் துப்பரவாக்கும். பிறகு கொலாஜன் எண்டது கயிறு கயிறாப் புதுச் சதை கட்டும். ஐயாவின்ர காலில, துப்பரவாக்க வந்தவை இன்னும் போகேல்லை. கட்டுறதையும் சேர்த்து அரிக்கினம்."

பொருளாதாரத் தடையால் ஒரு பை சீமெந்துக்கு வழியில்லாத வன்னியில், எவரிடமும் அனுமதி கேளாமல் ஒரு கணுக்காலுக்குள் இவ்வளவு கட்டட வேலை. மரியாதைக்கு எழும்பி நின்றேன். மாமி இருக்கச் சொன்னா.

"கட்டுறவைக்குச் சாமான் ஆர் குடுக்கிறது?"

"நீங்கள்தான், சாப்பாட்டில. குடுக்காட்டி அவரின்ர சொந்தத் தசையில எடுக்கும்."

மாமி மாமாவின் தோளைப் பார்த்தா. எலும்புதான் தெரிந்தது.

"அப்ப இந்த மனிசன் இவ்வளவு நாளும் தன்னைத்தானே திண்டிருக்கிறார். நான் பரிமாறியிருக்கிறன்."

அன்று வெள்ளிக்கிழமை. அவாவின் குசினியில் வெள்ளியில் கருவாட்டின் பெயரும் சொல்லக்கூடாது. மாமி முற்றத்தில் மூன்று கல்லு வைத்து, புதுச் சட்டியில் முட்டை அவித்தா.

"இண்டைக்கு வெள்ளியெல்லே?" என்றார் மாமா.

"முருகனோட நான் கதைக்கிறன். நீங்கள் தின்னுங்கோ."

"கிரந்தி?"

"அதோடயும் கதைக்கிறன்."

கலியாணம் கட்டின நாள் முதல் பிடித்த கொள்கையை ஒருவர் ஒரு முட்டை அவிகிற நேரத்தில் விட்டதை நான் வன்னியில் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு முட்டை, குளத்து மீன், பயறு. ஜெயரூபி தவறாமல் வந்து கழுவிக் கட்டினா. கிளினிக்கில் டொக்டர் துணியை அவிழ்த்தார். புண்ணின் அடியில் மாதுளை முத்துப்போலச் சிவப்பாகச் சதை அரும்பியிருந்தது. அவர் கனநேரம் குனிந்து பார்த்தார்.

"வெட்டத் தேவையில்லை."

"காலபோக விதைப்புக்கு வயலில இறங்கலாமோ?" என்றார் மாமா.

"தோல் மூடட்டும். பிறகு இறங்குங்கோ."

என் சைக்கிள் கரியரில் ஏறினவர் விதைநெல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வீட்டுப் படலை வரையும் நிறுத்தவில்லை. உழக்கின எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.